பாடம் முதலில், தேடல் அப்புறம்: ஆரம்ப வகுப்புக்கு இணைய வளங்களைத் தெரிவு செய்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பிறகு எனக்கு வரும் வட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "ரீச்சர், நாளைக்குப் பின்னம் தொடங்கப் போறன். நல்ல வீடியோ ஒண்டு இருந்தா அனுப்புங்கோ." அனுப்புகிறவர்கள் புதிதாக நியமனம் பெற்று ஆரம்பப் பிரிவுக்கு வந்த தங்கைமார். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் படிப்பிக்கிறார்கள். நானும் இப்படி இரவிரவாகத் தேடியவள்தான், அதனால் அவர்களுடைய அவசரம் எனக்குப் புரியும். ஆனாலும் உடனே லிங்க் எதையும் அனுப்புவதில்லை. ஒரு கேள்வியைத்தான் திருப்பி அனுப்புவேன்: "பாடம் முடியேக்க பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிஞ்சிருக்க வேணும்?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. ஆசிரியருக்கு மட்டுமல்ல, பிள்ளைக்கு வீட்டில் ஏதாவது காட்டிப் படிப்பிக்கலாம் என்று நினைக்கும் அம்மா அப்பாவுக்கும் இது உதவும்.

இணைய வளம் என்று நான் சொல்வது, இணையத்தில் கிடைக்கிற, கற்பித்தலுக்கு உதவக்கூடிய எதையும்தான். யூடியூப் காணொளி, அச்சிட்டுக் கொடுக்கும் பயிற்சித்தாள், கதைப் புத்தகம், விளையாட்டு, ஒரு படம், ஒரு பறவையின் குரல் எல்லாம் அதற்குள் அடங்கும். மதிப்பிடுவது என்றவுடன் பத்துக்கு எத்தனை புள்ளி என்று போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. ஒரு வளம் பொதுவில் நல்லதா என்று கேட்டுப் பெரிய பயன் இல்லை. இந்தப் பாடத்துக்கு, என் முன்னால் இருக்கும் இந்த 38 பிள்ளைகளுக்கு, இந்த வகுப்பறையில் இது உதவுமா என்று கேட்க வேண்டும். பக்கத்து வகுப்பில் அருமையாகப் போன காணொளி என் வகுப்பில் படுத்துவிட்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காணொளியில் பிழை இல்லை. என் பிள்ளைகள் இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

கையில் இருக்கும் புத்தகத்தைத் திறவுங்கள்

தேடல் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஆசிரியர் வழிகாட்டியைத் திறக்க வேண்டும். மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் தயாரிக்கிறது. பாடநூல்களை கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வெளியிடுகிறது. இரண்டு நிறுவனங்களின் தளங்களிலும் தமிழ்ப் பிரதிகளைப் பிடிஎஃப் கோப்பாக இலவசமாகத் தரவிறக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரவாரியாகப் பாடங்கள் மூன்று மொழிகளிலும் இருக்கின்றன. இவற்றைப் பார்க்காமலே நேராக யூடியூப்புக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனவருத்தம். நம் பிள்ளைக்கென்று எழுதப்பட்டது வேறெங்கே கிடைக்கும்?

வழிகாட்டியில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம் என்று, பிள்ளை எதைச் செய்யப் பழக வேண்டும் என்பதைச் சொல்லும் சில வரிகள் இருக்கும். பாடக்குறிப்பில் அப்படியே பார்த்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த வரியை ஒருமுறை உங்கள் சொந்தத் தமிழில் எழுதிப் பாருங்கள், வினைச்சொல் தெளிவாகத் தெரியும்படி. பின்னப் பாடத்தில் எனக்குக் கிடைத்த வாக்கியம் இது: பிள்ளை ஒரு முழுப்பொருளை நான்கு சம பங்குகளாகப் பிரித்துக் காட்டும், அதில் ஒரு பங்கைக் கால் என்று சொல்லும்.

இனித் தேடிப் பாருங்கள். "பின்னம்" என்று மட்டும் தட்டினால் பகுதி, தொகுதி, கூட்டல், பெருக்கல் என்று மேல் வகுப்புப் பாடமெல்லாம் வரும். ஒரு மணி நேர நேரலை வகுப்புகளும் வரும். "பிரித்துக் காட்டும்" என்பதை மனதில் வைத்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே விழுந்துவிடும். சிலவேளை தேடலே தேவையில்லை என்றும் தெரியவரும். கால் என்பதை அறிய நம் பிள்ளைக்கு ஒரு கடதாசியை இரண்டு தரம் மடித்தாலே போதும். கடைக்குப் போய் வரும் கொழும்புப் பிள்ளைக்கு அரை றாத்தல் பாண், கால் றாத்தல் பாண் எல்லாம் முன்பே தெரிந்த சொற்கள். 450 கிராம் பாணை நாங்கள் இன்னும் றாத்தல் பாண் என்றுதானே சொல்கிறோம்.

சரி, மடித்துக் காட்டியாயிற்று, இன்னும் பயிற்சி வேண்டும் என்றால் அப்போது இணையத்துக்குப் போகலாம். எதைத் தேடுகிறோம் என்பது இப்போது தெரியும்.

சொல்வது சரியா?

இரண்டாவது கேள்வி உண்மையைப் பற்றியது. இதில் நாம் நினைப்பதைவிட அதிகம் ஏமாறுகிறோம்.

பின்னத்தையே எடுங்கள். வட்டத்தை மூன்று நேர்கோடுகளால் மேலிருந்து கீழாக வெட்டி, நான்கு துண்டு வந்துவிட்டது, ஒன்று கால் என்று காட்டும் பயிற்சித்தாள்கள் உலாவுகின்றன. ஓரத்துத் துண்டுகள் சிறியவை, நடுத்துண்டுகள் பெரியவை. துண்டு நான்கு என்பது சரி. சம பங்கு என்பது போய்விட்டது, பாடத்தின் உயிரே அதுதான். அழகான நிறங்களில் அச்சிட்டிருந்ததால் நானே ஒருமுறை இதைக் கவனிக்காமல் 40 பிரதி எடுத்துவிட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "ரீச்சர், நடுத்துண்டு பெருசா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது.

பொதுஅறிவுக் கேள்விகளில் இது இன்னும் மோசம். இலங்கையின் தலைநகரம் எது என்று கேட்டுவிட்டு விடை கொழும்பு என்று போட்டிருக்கும் வினாவிடைகளைப் பாருங்கள். நாடாளுமன்றம் 1982 இல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்குப் போய்விட்டது. கொழும்பு வணிகத் தலைநகரம். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மனதில் பிழையான விடை பதிந்துவிட்டால் அதை எடுப்பது கஷ்டம். சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் என்று பாடும் பாட்டுகளும் அப்படித்தான். 2006 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்திய பின் கோள்கள் எட்டு. பாட்டு இனிமையாக இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிட முடியாது. ஒரு வளம் எப்போது செய்யப்பட்டது என்று பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான்.

அப்படியானால் எதை நம்புவது? பார்வையாளர் எண்ணிக்கையையும் தளத்தின் அழகையும் நம்ப வேண்டாம். 1998 இல் அமெரிக்காவில் ஒருவர், மரத்தில் வாழும் ஒக்டோபஸ் என்ற ஒன்று இருப்பதாகவும் அது அழியும் நிலையில் இருப்பதாகவும் ஒரு இணையத்தளத்தைக் கேலிக்காகச் செய்தார். படங்கள், வாழிடம், பாதுகாப்பு வேண்டுகோள் எல்லாம் அதில் இருந்தன. பிற்பாடு கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லியூவும் குழுவினரும் ஏழாம் தரப் பிள்ளைகளிடம் அந்தத் தளத்தைக் காட்டியபோது ஏறத்தாழ எல்லாரும் அதை நம்பினார்கள். பெரியவர்களும் விதிவிலக்கல்ல. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பெர்க்கும் சாரா மக்ரூவும் 2017 இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் என்று மூன்று தரப்பாரிடம் சில தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாக வாசித்து, பல தடவை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சில வினாடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தது அவர்கள்தான். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள்.

நமக்கு இது மிக எளிது. அலைவரிசையின் பெயரையோ தளத்தின் பெயரையோ எடுத்துத் தனியாகத் தேடுங்கள். யார் நடத்துகிறார்கள், எந்த நாட்டில் இருந்து, எதையாவது விற்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் அதில் சொல்லப்பட்ட ஒரு தகவலை மட்டும் பாடநூலிலோ இன்னொரு நல்ல தளத்திலோ ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. இலங்கை விடயங்களில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது, கட்டுரையின் அடியில் மேற்கோள்களும் இருக்கும். ஒப்பிடத் தொடங்குவதற்கு நல்ல இடம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பயிற்சித்தாள் செய்வது இப்போது பரவிவிட்டது. நானும் செய்கிறேன், நேரம் மிச்சம். ஆனால் அது தரும் ஒவ்வொரு கணக்கையும் நீங்கள் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும், ஒவ்வொரு தமிழ் வரியையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். ல, ள, ழ இடம் மாறியிருக்கும், ஒற்று விழுந்திருக்கும். அது வரைந்து தரும் படத்துக்குள் தமிழ் எழுத்து இருந்தால் இன்னும் கவனம். எழுத்துப் போலவே தெரியும், ஆனால் எந்த எழுத்தும் இல்லை. தரம் 1 பிள்ளை அதைப் பார்த்து எழுதப் பழகினால் என்ன ஆகும்?

யாருடைய தமிழ்?

தமிழில் இருக்கிறது என்பதற்காக அது நம் பிள்ளைக்குரியது என்று ஆகிவிடாது. கொழும்பில் படிப்பிக்கிறவர்கள் மிகவும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் தேசிய சின்னங்கள் படிப்பிக்க ஒரு காணொளி போட்டேன். குரல் தெளிவு, படங்கள் அழகு, தமிழ் திருத்தம். முதல் ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு வகுப்பில் போட்டுவிட்டேன். "நமது தேசிய மலர் தாமரை, நமது தேசியப் பறவை மயில்" என்று வந்தது. நமது என்ற சொல்லில்தான் சிக்கல். காணொளி தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தது, அவர்களுக்கு அது முழுச்சரி. நமக்கு நீல அல்லி, இலங்கைக் காட்டுக்கோழி. "அப்ப புத்தகத்தில இருக்கிறது பிழையா ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பிள்ளை திரையை நம்பியது, நான் போட்டதால் இன்னும் கூடுதலாக நம்பியது.

அதன் பிறகு எந்தக் காணொளியையும் கடைசி வினாடி வரை பார்க்காமல் போடுவதில்லை.

நாட்டு விவரம் வெளிப்படையாகத் தெரியும். சொற்கள் அப்படியல்ல, மெதுவாக நுழையும். ஆரஞ்சு என்று படத்தின் கீழ் இருக்கும், பிள்ளைக்கு அது தோடம்பழம். பப்பாளி நமக்குப் பப்பாசி, நிலக்கடலை கச்சான், சோப்பு சவர்க்காரம், காகிதம் கடதாசி. மாநிலம் என்று அங்கே சொல்வதும் மாகாணம் என்று இங்கே சொல்வதும் ஒன்றே அல்ல. பணக் கணக்கு விளையாட்டுகளில் பைசா வரும், நமக்குச் சதம். பருவகாலமும் இப்படித்தான். ஆங்கிலக் காணொளிகளில் இலை உதிரும், பனி விழும். தமிழ்நாட்டுக் காணொளியில் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருமழை. கொழும்புப் பிள்ளையை மே மாதத்தில் நனைப்பது தென்மேல் பருவக்காற்று. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுக்குப் போய் வரும் பிள்ளைக்கு வடகீழ் பருவமழையும் தெரியும். இதை வகுப்பில் பேசினால் எவ்வளவு நல்ல பாடம்!

ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வளங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் நமக்குத் தமிழில் படிப்பிக்கப் பாதி வளம் இல்லை. சென்னையில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதியை நான் பயன்படுத்துகிறேன். இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. வாசிப்பு மட்டம் ஒன்று முதல் நான்கு வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் மட்டத்தில் ஒரு பக்கத்துக்குச் சில சொற்களே, நான்காம் மட்டம் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு. அந்தக் கதைகள் படைப்பாக்கப் பொதுமம் என்ற திறந்த உரிமத்தில் வருகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் நாம் அச்சிடலாம், பகிரலாம், சொற்களைக்கூட மாற்றலாம். அதனால் நான் ஆரஞ்சைத் தோடம்பழமாக்கிப் புதுப் பிரதி செய்து தரம் 2 க்குக் கொடுத்திருக்கிறேன். உரிமம் என்றால் பயமுறுத்தும் சொல் என்று நினைத்திருந்த எனக்கு, அது ஒரு சாவி என்று அன்றுதான் விளங்கியது. மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் மாற்றாமலே கொடுத்து, "இந்தப் பழத்தை நாங்கள் எப்படிச் சொல்வோம்?" என்று கேட்கலாம். வெள்ளவத்தையில் வளரும் பிள்ளை, மலையகத்தில் இருந்து வந்த பிள்ளை, வீட்டில் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசும் பிள்ளை என்று ஒரே வகுப்பில் எத்தனை தமிழ். ஒருத்தி ஒரு சொல் சொல்வாள், மற்றவன் வேறு சொல் சொல்வான், கரும்பலகை நிறைந்துவிடும்.

சின்ன வகுப்புக்கு எழுத்துக் காணொளி தெரிவு செய்யும்போது காதையும் கண்ணையும் தீட்டிக்கொள்ளுங்கள். ழகரத்தை ளகரமாகச் சொல்கிறார்களா? எழுத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார்கள்? அனிமேஷனில் அ எழுத்து கீழிருந்து மேலாக முளைப்பது பார்க்க வேடிக்கையாக இருக்கும், பிள்ளையின் கை அதைத்தான் பின்பற்றும்.

உள்ளூர் வளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஆசிரியர்கள் பகிரும் பழைய வினாத்தாள்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். அனுப்பியவரிடம் பிடிஎஃப் ஆகக் கேளுங்கள், இல்லையென்றால் எந்தக் கணினியிலும் தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றிவிட்டு ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். பழைய சிறுவர் சஞ்சிகை, ஈழத்துப் பாடல், கதை தேவைப்பட்டால் 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. நேரடியாகப் பிள்ளையின் கையில் கொடுப்பதைவிட ஆசிரியர் தேடி எடுத்துப் பயன்படுத்தும் சுரங்கம் அது.

பிள்ளை என்ன செய்யும்?

வளத்தைப் பார்க்கும்போது எல்லாரும் திரையைத்தான் பார்க்கிறோம். திரைக்கு முன்னால் இருக்கும் பிள்ளையைக் கற்பனை செய்து பாருங்கள். அதன் வாய் என்ன செய்கிறது? கை என்ன செய்கிறது? ஏழு நிமிடம் வாய் திறந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால், காணொளி எவ்வளவு சிறந்தது என்றாலும் பாடம் நடக்கவில்லை.

அதிகமான மினுமினுப்பு உண்மையில் இடைஞ்சல். ரொக்சானா மொரேனோவும் ரிச்சர்ட் மேயரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மின்னல் எப்படி உண்டாகிறது என்ற அனிமேஷனைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் காட்டினார்கள். சிலருக்கு விளக்கக் குரல் மட்டும், வேறு சிலருக்குப் பின்னணி இசையும் கூடுதல் ஓசைகளும் சேர்த்து. இசையும் ஓசையும் சேர்ந்தவர்கள் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கு? ஒரு வளத்தை முதல் தடவை ஒலியோடும் இரண்டாம் தடவை ஒலியை நிறுத்தியும் பாருங்கள். ஒலி இல்லாமல் படங்கள் பாடத்தைச் சொல்கின்றனவா, அல்லது முயலும் நட்சத்திரமும் சும்மா குதித்துக்கொண்டு இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும்.

விளையாட்டு, வினாவிடைச் செயலி என்றால் எனக்கு வேறொரு வழி இருக்கிறது. வேண்டுமென்றே பிழையான விடைகளை அழுத்திப் பார்ப்பேன். சரியான விடைக்கு எல்லாச் செயலியும் கைதட்டும். பிழைவிட்ட பிள்ளையிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். சில செயலிகள் ஒரு சத்தம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். சிலவற்றில் கண்ணை மூடிக்கொண்டு எதை அழுத்தினாலும் கடைசியில் மூன்று நட்சத்திரம் கிடைக்கும். நல்லது எதுவென்றால், நீ இரண்டு பங்கைத் தெரிவு செய்திருக்கிறாய், மொத்தம் எத்தனை பங்கு என்று மறுபடி எண்ணிப் பார் என்பது போல ஏதாவது ஒன்றைக் காட்டி, திரும்பச் செய்ய விடுவது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய பெட் (PhET) என்ற தளத்தின் உருவகப்படுத்தல்கள், அதாவது திரையில் தொட்டு மாற்றிப் பார்க்கும் மாதிரிகள், எனக்குப் பிடிப்பது அதனால்தான். பின்னத்துக்கும் இருக்கிறது. பிள்ளை துண்டுகளை இழுத்து வைக்க வைக்க எண் மாறும், பிழை விட்டாலும் யாரும் திட்டுவதில்லை.

காணொளியும் இப்படி ஆகலாம். எங்கே நிறுத்துவேன், நிறுத்தி என்ன கேட்பேன் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொண்டால் போதும். நான்கு நிமிடக் காணொளியில் மூன்று இடத்தில் நிறுத்துவேன். "இனி என்ன வரும்?" என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். நிறுத்திக் கேட்க ஓர் இடமும் கிடைக்காத காணொளி என்றால் நான் அதை எடுப்பதில்லை.

வகுப்பறையில் ஓடுமா?

வீட்டில் வைஃபையில் பார்த்தது பாடசாலையில் ஓடாது. நம் வகுப்பறைகளில் பலவற்றில் ஒரு ஆசிரியரின் போன், அதன் டேட்டா, ஒழுங்கு பண்ணி எடுத்தால் ஒரு புரொஜெக்டர், இவ்வளவுதான். ஆகவே இணையம் இல்லாமல் ஓடுமா என்று முதலில் பாருங்கள். பெட் உருவகப்படுத்தல்களையும் ஸ்டோரிவீவர் கதைகளையும் முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். பிள்ளைக்கு ஆளுக்கொரு கருவி வேண்டும் என்று கேட்கும் வளங்களை நான் வகுப்புக்கு எடுப்பதில்லை. 38 பிள்ளைகளுக்கு நான்கு போன் என்றால் 34 பேர் அழுவார்கள். பிளிக்கர்ஸ் போன்ற செயலியில் பிள்ளைகள் அச்சிட்ட அட்டையைத் திருப்பிப் பிடித்தால் ஆசிரியரின் ஒரே போன் எல்லாருடைய விடையையும் படித்துக்கொள்ளும். எழுத்தின் அளவையும் கடைசி வாங்கில் இருந்து பாருங்கள்.

விளம்பரம் பெரிய தலையிடி. பாட்டுக்கு நடுவில் பிள்ளைகள் பார்க்கக் கூடாத ஒரு பட விளம்பரம் வந்து, நான் ஓடிப்போய்த் திரையை மறைத்து நின்ற நாளும் உண்டு. காணொளியை வகுப்புக் கணினியில் ஒரு தரம் முழுமையாக ஓட்டிப் பார்ப்பதும், பக்கத்தில் வரும் அடுத்த காணொளிகளின் பட்டியல் தெரியாதபடி முழுத்திரையில் போடுவதும் கொஞ்சம் காப்பாற்றும்.

பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, படம், பெற்றோரின் தொலைபேசி எண் கேட்கும் செயலியை மூடிவிடுங்கள். நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பி அனுப்பிய பிள்ளையின் விவரத்தை முன்பின் தெரியாத கம்பனிக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. பதிப்புரிமையைப் பொறுத்தவரை, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் வைத்திருக்கிறது. வகுப்புக்கு ஒரு பக்கம் பிரதி எடுப்பது அதற்குள் வரும். ஒருவர் எழுதிப் பிழைக்கும் பயிற்சிப் புத்தகத்தை முழுதாக ஸ்கேன் செய்து வட்ஸ்அப் குழுவில் போடுவது வேறு.

என்னிடம் ஒரு சிஆர் கொப்பி இருக்கிறது. பயன்படுத்திய ஒவ்வொரு வளத்துக்கும் பெயர், எந்தத் தேர்ச்சி மட்டம், எங்கே நிறுத்தினேன், பிள்ளைகள் எதைக் கேட்டார்கள் என்று நான்கைந்து வரி எழுதுவேன். பாடம் முடிந்த அன்றே எழுத வேண்டும், மறுநாள் மறந்துவிடும். அடுத்த வருடம் அதே பாடத்துக்கு வரும்போது தேடல் அந்தக் கொப்பியில் தொடங்கும். பக்கத்து வகுப்பு ரீச்சரும் தன் கொப்பியோடு வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

பின்னம் கேட்ட அந்தத் தங்கை, என் கேள்விக்குப் பதிலாக நீண்ட நேரம் எதுவும் எழுதவில்லை. பிறகு, "நாலு சம பங்கா பிரிக்கத் தெரிய வேணும்" என்று மட்டும் வந்தது. மறுநாள் ஒரு றாத்தல் பாணும் கடதாசியும் கொண்டு போனாள். பாணைப் பிரித்துக் கால் என்று பெயர் சொல்லி முடித்த நேரம் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அரை றாத்தல் பாணைக் காலா வெட்டினா அதுவும் இந்தளவு வருமா?" என்று கேட்டதாம். அன்று இரவு எனக்கு அழைப்பு எடுத்தாள். எந்தப் பொருளின் கால் என்பதைப் பொறுத்துத்தான் காலின் அளவு. பின்னத்தில் மிகக் கடினமான இடம் அது, பிள்ளையே அங்கே கொண்டு வந்து நிறுத்திவிட்டது. இருவரும் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தோம், எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவள் கடையில் இரண்டு பாண் வாங்கிக்கொண்டு போனாள், ஒன்று றாத்தல், மற்றது அரை றாத்தல்.